மின்சுற்றுப் படத்தை வாசிக்கும் முறை: குறியீட்டிலிருந்து பாகத்துக்கு

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டில் தடையற்ற தொழில் வட்டாரம் உருவானது முதல், மின்னணுத் தொழில் இம்மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டு வருகிறது. அதே ஆண்டில் இங்கே தொழிற்சாலை தொடங்கிய நிறுவனங்களுள் இன்டெலும், எல்இடி எனும் ஒளி உமிழும் டயோடுகளைத் தயாரித்த லிட்ரோனிக்ஸும் அடங்கும். ஆயினும் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடையும், சிறு மின்னோட்டத்தால் பெரியதைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரையும் கையில் எடுத்துப் பழகியவர்களுள்கூடப் பலர், அவை இடம்பெறும் மின்சுற்றுப் படத்தைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பயிலும் பிள்ளைகளும், பாலிடெக்னிக்கில் முதல் தவணையைத் தொடங்கும் மாணவர்களும், வீட்டில் அவர்களுக்கு உதவ விரும்பும் பெற்றோரும் அந்தப் படத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்பதற்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

பொதுவாகக் குறியீடுகளை ஓர் அட்டவணையாக எழுதி, பெயரோடு சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வுக்கு அது உதவலாம். சுற்றைக் கட்டுவதற்கு உதவாது. ஒவ்வொரு குறியீட்டைக் காணும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இந்தப் பாகத்துக்கு எத்தனை கால்கள்? அதற்குத் திசை உண்டா? தலைகீழாக மாட்டினால் என்ன ஆகும்? பெயர் மறந்துபோனால் தேடிக்கொள்ளலாம். இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் மின்வழங்கியை இணைத்தால் பாகம் கருகிப்போகும்.

முதலில் கோடுகள்

மின்சுற்றுப் படம் இணைப்பைக் காட்டுகிறதே தவிர இருப்பிடத்தைக் காட்டுவதில்லை. படத்தின் மேற்புறத்தில் வரையப்பட்ட பாகம் பலகையின் கீழ்மூலையில் இருக்கலாம். விரல் நீளக் கோடு, உண்மையில் இரண்டு மில்லிமீட்டர் செப்புத் தடமாக இருக்கலாம். ஆகவே ஒரு கோட்டையும் அதனோடு கிளைத்துச் செல்லும் எல்லாக் கோடுகளையும் ஒரே புள்ளியாகக் கருதுங்கள். வண்ணப் பென்சில் ஒன்றை எடுத்து, மின்கலத்தின் நேர்முனையைத் தொடும் எல்லாக் கோடுகளையும் சிவப்பிலும், எதிர்முனையைத் தொடுபவற்றை நீலத்திலும் தீட்டினால், மிச்சமிருக்கும் இணைப்புகள் எவ்வளவு குறைவு என்பது உடனே தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இரு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் அவை இணைந்துள்ளன. புள்ளி இல்லையென்றால் ஒன்றையொன்று தொடாமல் கடந்து செல்கின்றன. பழைய படங்களில் கடக்கும் கோடு சிறு வளைவாகத் தாண்டிச் செல்வது போல வரையப்பட்டிருக்கும். கவனமாக வரைபவர்கள் நான்கு கோடுகள் ஒரே புள்ளியில் கூடுவதையே தவிர்த்து, சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு மும்முனைச் சந்திப்புகளாக வரைவார்கள். நகலெடுக்கும்போது புள்ளி மங்கினாலும் பொருள் மாறாது. நீங்கள் வரையும்போதும் இவ்வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

கோடே இல்லாத இணைப்புகளும் உண்டு. மேலிருந்து கீழாகக் குறுகிக்கொண்டே வரும் மூன்று கிடைக்கோடுகள் நில இணைப்பைக் குறிக்கும்; தலைகீழான சிறு முக்கோணம் சுற்றின் பொதுத் தாழ்முனையை, அதாவது 0 வோல்ட் புள்ளியைக் குறிக்கும்; சீப்புப் பற்களைப் போலச் சாய்ந்த கோடுகள் உலோகக் கூட்டோடு இணைப்பதைக் குறிக்கும். ஒரு படத்தில் ஒரே வகைக் குறி ஒன்பது இடங்களில் இருந்தாலும் அந்த ஒன்பதும் ஒரே கம்பிதான். மின்கலத்தில் ஓடும் சிறு சுற்றுகளில் இம்மூன்று குறிகளையும் வரைபவர்கள் கலந்து பயன்படுத்துவதுண்டு. வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடைய கருவியில் அவற்றை ஒருபோதும் ஒன்றாகக் கருதக் கூடாது.

இருவகை எழுத்து

1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம், ஐஇசி 60617 என்னும் தரத்தில் குறியீடுகளை வகுத்துள்ளது. அமெரிக்க மரபு சில குறியீடுகளில் அதிலிருந்து வேறுபடுகிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் மின்தடை பெரும்பாலும் செவ்வகமாக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் அதே மின்தடை கூர்முனைகளுடன் மேலும் கீழும் மடிந்த கோடாக இருக்கும். இரண்டும் ஒரே பாகம். தமிழ்ப்பள்ளியில் ஒரு மொழியிலும் இடைநிலைப்பள்ளியில் வேறொரு மொழியிலும் பாகங்களின் பெயரைக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு, இரு வரைமரபுகளையும் தொடக்கத்திலேயே அருகருகே காட்டிவிடுவது நல்லது.

மின்கலத்தின் குறியீடு ஒரு நீண்ட கோடும் ஒரு குட்டைக் கோடும். நீண்டது நேர்முனை; குட்டையானது, பல படங்களில் தடித்தும் இருப்பது, எதிர்முனை. இந்த இணை பலமுறை அடுத்தடுத்து வந்தால் அது பேட்டரி. சுவிட்ச் என்பது இடையில் திறந்து நிற்கும் கோடு. விளக்கு, பெருக்கல் குறியை உள்ளே கொண்ட வட்டம். ஃபியூஸ், நடுவே நீளவாக்கில் ஒரு கோடு ஓடும் செவ்வகம்; மின்தடையின் செவ்வகத்துக்குள் கோடு இல்லை என்பதே வேறுபாடு.

மின்தடைக்குத் திசை கிடையாது. எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். அதன் செவ்வகத்தின் மேல் ஓர் அம்பு வந்து தொட்டால் அது மூன்று கால்களுள்ள பொட்டென்ஷியோமீட்டர். அம்பு குறுக்காகத் துளைத்துச் சென்றால் அது இரண்டு கால்களுள்ள மாறுதடை. வெளியிலிருந்து இரண்டு அம்புகள் செவ்வகத்தை நோக்கிப் பாய்ந்தால் ஒளியைப் பொறுத்து மாறும் எல்டிஆர்.

குறியீட்டின் அருகிலுள்ள எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆர்1, ஆர்2 என்பவை மின்தடைகள். சி என்பது மின்தேக்கி. டி என்பது டயோடு. கியூ என்பது டிரான்சிஸ்டர். யு அல்லது ஐசி என்பது ஒருங்கிணைந்த சில்லு. மதிப்பை 4.7 கிலோ ஓம் என்று எழுதாமல் 4கே7 என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு: நகலில் தசமப்புள்ளி அழிந்தால் 4.7 என்பது 47 ஆகிவிடும்; எழுத்து அவ்வளவு எளிதில் அழியாது. பாகத்தின் மேல் வண்ண வளையங்கள் இருக்கும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு வளையங்களுள்ள மின்தடையில் முதல் இரண்டும் இலக்கங்கள், மூன்றாவது சேர்க்க வேண்டிய சுழியங்களின் எண்ணிக்கை, நான்காவது பிழையளவு. தங்கநிறம் என்றால் 5 விழுக்காடு. மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்று வந்தால் 4700 ஓம், அதாவது 4கே7. ஐயமிருந்தால், தடையையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்; மங்கிய விளக்கொளியில் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தெரியும்.

திசை உள்ள பாகங்கள்

மின்தேக்கியின் குறியீடு, இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்கும் இரண்டு தட்டுகள். இரண்டு தட்டுகளும் ஒரே மாதிரி நேர்கோடுகளாகவும் அருகே கூட்டல் குறி இல்லாமலும் இருந்தால் அதற்குத் திசை இல்லை; பழுப்பு நிறச் சிறு பீங்கான் வில்லைகள் இவ்வகை. அவற்றின் மேல் 104 என்று அச்சிட்டிருந்தால் 10ஐ அடுத்து நான்கு சுழியங்கள், அதாவது 1,00,000 பிக்கோ ஃபாரட்; அதுவே 0.1 மைக்ரோ ஃபாரட்.

ஒரு தட்டின் அருகே கூட்டல் குறி இருந்தால் அது திசை உள்ள மின்தேக்கி; ஒரு தட்டு வளைந்திருந்தாலும் பெரும்பாலும் அப்படியே. அமெரிக்க மரபில் வளைந்த தட்டு எதிர்முனை. ஐரோப்பியப் படங்களில் ஒரு தட்டு உள்ளீடற்ற சிறு செவ்வகமாகவும் மற்றது தடித்த கோடாகவும் இருக்கும், உள்ளீடற்றது நேர்முனை. இனி பாகத்தைப் பாருங்கள். உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் பக்கவாட்டில் ஓடும் பட்டை எதிர்முனையைக் காட்டுகிறது. தான்தலம் மின்தேக்கியில் உள்ள பட்டையோ நேர்முனையைக் காட்டுகிறது. இந்த முரண்பாட்டை நினைவில் வைத்தே ஆக வேண்டும், ஏனெனில் தலைகீழாக மாட்டிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி சூடாகி, வீங்கி, வெடிக்கக்கூடும். தான்தலம் தீப்பற்றவும் கூடும்.

டயோடின் குறியீடு ஒரு முக்கோணமும் அதன் முனையில் நிற்கும் ஒரு தடுப்புக் கோடும். முக்கோணம் சுட்டும் திசையில் மின்னோட்டம் செல்லும். எதிர்த்திசையில் தடுப்புக் கோடு நிறுத்தும். இங்கே மின்னோட்டம் என்பது நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாகக் கொள்ளப்படும் மரபுவழி ஓட்டம். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிவதற்கு வெகு முன்பே இம்மரபு நிலைத்துவிட்டது. எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் நகர்ந்தாலும் குறியீடுகளின் அம்புகள் எல்லாம் மரபுவழி ஓட்டத்தையே பின்பற்றுகின்றன. தடுப்புக் கோடு நிற்கும் பக்கம் கேத்தோடு; மறுபக்கம் ஆனோடு. பாகத்தின் ஒரு முனையிலுள்ள வெள்ளி அல்லது கறுப்பு வளையம் அந்தக் கோடேதான். ஆகையால் படத்தையும் பாகத்தையும் அருகருகே வைத்துக் கோட்டையும் வளையத்தையும் ஒரே பக்கமாகத் திருப்பினால் போதும்.

முக்கோணத்திலிருந்து இரண்டு அம்புகள் வெளியே சென்றால் எல்இடி, உள்ளே வந்தால் ஒளியை உணரும் டயோடு. எல்இடியின் நீண்ட கால் ஆனோடு. கால்களை வெட்டிய பிறகு, விளிம்பில் தட்டையாகச் சீவியிருக்கும் பக்கத்தைக் கொண்டு கேத்தோடை அறியலாம். தடுப்புக் கோட்டின் இரு நுனிகளும் எதிரெதிராக மடிந்திருந்தால் அது ஸீனர் டயோடு. அதைப் படத்தில் காணும்போது, கேத்தோடு நேர்முனைப் பக்கம் இருப்பதால், திசையைத் தவறாக வரைந்துவிட்டார்களோ என்று தோன்றும், தவறன்று. எதிர்த்திசையில் குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் கடத்துவதே அதன் பணி.

நான்கு டயோடுகள் சாய்சதுரமாக நிற்பதைப் பல மின்வழங்கிப் படங்களில் காண்பீர்கள். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பாலம் அது. நான்கு முக்கோணங்களும் நேர்முனை மூலையை நோக்கியே சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தாலும் குறுக்குச் சுற்று ஏற்பட்டு டயோடோ ஃபியூஸோ போய்விடும்.

டிரான்சிஸ்டரின் குறியீடு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் அக்கருவியின் பிறப்பே பதிந்திருக்கிறது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர்கள் பார்டீனும் பிராட்டெய்னும் இயக்கிக்காட்டிய முதல் டிரான்சிஸ்டரில், ஜெர்மேனியத் துண்டு ஒன்றின் மீது இரண்டு உலோக முனைகள் மிக நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருந்தன. குறியீட்டின் தடித்த நேர்கோடு அந்தத் துண்டு. அதன் பெயர் பேஸ். அதில் சாய்வாக வந்து தொடும் இரண்டு கோடுகள் அந்த இரண்டு முனைகள். அம்பு உள்ள சாய்கோடு எமிட்டர், அம்பு இல்லாதது கலெக்டர். அம்பு வெளியே சென்றால் என்பிஎன் வகை; உள்ளே வந்தால் பிஎன்பி வகை.

குறியீட்டில் பேஸ் பெரும்பாலும் இடப்புறம், கலெக்டர் மேலே, எமிட்டர் கீழே என்று இருக்கும். பாகத்தின் கால்கள் அந்த வரிசையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிசி547 டிரான்சிஸ்டரின் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்குமாறு பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். தோற்றத்தில் அதையே ஒத்த 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பயன்படுத்தும்போது திருப்பி மாட்டாவிட்டால் சுற்று சரியாக இயங்காது. எனவே புதிய பாகம் எதுவாயினும், உற்பத்தியாளரின் தரவுத்தாளைத் திறந்து கால்வரிசையைப் பார்த்துவிட்டே பலகையில் செருகுங்கள். மின்னழுத்தத்தால் கட்டுப்படும் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரில் கேட் எனும் கால், மற்றப் பகுதியைத் தொடாமல் ஓர் இடைவெளியுடன் வரையப்படும். உள்ளே அது உண்மையாகவே ஆக்சைடு படலத்தால் பிரிக்கப்பட்டிருக்கிறது.

மற்றவை, விரைவாக

அடுத்தடுத்த வளைவுகள் மின்தூண்டிச் சுருள். இரண்டு சுருள்கள் எதிரெதிரே நிற்க, இடையில் நேர்கோடுகள் ஓடினால் இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றி. சுருளில் மின்சாரம் பாயும்போது தொடுமுனைகளை மாற்றும் சுவிட்சான ரிலேயின் சுருள் படத்தின் ஒரு மூலையிலும் அதன் தொடுமுனைகள் வேறொரு மூலையிலும் இருக்கலாம். கே1 என்ற ஒரே பெயரைக் கொண்டு அவற்றைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ரிலேயின் தொடுமுனைகள் எப்போதும் சுருளில் மின்சாரம் இல்லாத நிலையிலேயே வரையப்படுகின்றன.

ஒருங்கிணைந்த சில்லு வெறும் பெட்டியாக வரையப்படும். கால்களின் எண்கள் வசதிக்கேற்ப இடம் மாறியிருக்கும். சில்லின் பிறைவெட்டு மேலே இருக்குமாறு வைத்தால், இடப்புற மேல்மூலை 1ஆம் கால். அங்கிருந்து இடப்புறமாக இறங்கி, வலப்புறமாக ஏறி எண்ண வேண்டும். நேரக்கணிப்புக்குப் பயன்படும் 555 சில்லில் 1ஆம் கால் தாழ்முனை, 8ஆம் கால் மின்வழங்கியின் நேர்முனை. இரு உள்ளீடுகளின் மின்னழுத்த வேறுபாட்டைப் பெருக்கும் செயற்பாட்டுப் பெருக்கியை முக்கோணமாக வரைவார்கள். எல்எம்358 சில்லில் இத்தகைய இரண்டு முக்கோணங்கள் ஒரே எட்டுக்கால் உடலுக்குள் இருப்பதால், மின்வழங்கியோடு இணையும் கால்களான 8ஐயும் 4ஐயும் படத்தில் ஒருமுறை மட்டுமே காட்டுவார்கள், சிலர் காட்டாமலே விட்டுவிடுவார்கள். படத்தில் இல்லையென்றாலும் அவற்றை இணைத்தே ஆக வேண்டும்.

வீட்டிலுள்ள சார்ஜரையும் எடுத்துப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டைக் காப்பு கொண்டது, நில இணைப்பு தேவையில்லை என்று பொருள். அலைக்கோடு மாறுமின்னோட்டம், நேர்கோட்டின் கீழே விட்டுவிட்டு வரும் கோடு நேர்மின்னோட்டம். வட்டமுனைச் செருகி உள்ள அடாப்டரில், நடுப்புள்ளியும் அதைச் சூழ்ந்த வளைவும் கூட்டல், கழித்தல் குறிகளோடு வரையப்பட்டிருக்கும். நடுப்புள்ளியோடு இணைந்த குறியே செருகியின் உட்புற முனை. மின்னழுத்தம் ஒன்றாக இருந்தும் இந்தக் குறி மாறினால், கருவி பழுதாகலாம்.

ஒரு சுற்றை வாசித்துக் கட்டுதல்

இருட்டியதும் தானே எரியும் சிறு விளக்கைப் பயிற்சியாகக் கொள்வோம். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, சுவிட்ச் ஒன்று. சுவிட்சைத் தாண்டி வரும் நேர்க்கோட்டிலிருந்து இரண்டு பாதைகள் இறங்குகின்றன. முதற்பாதையில் 100 கிலோ ஓம் மின்தடை ஆர்1, அதன் கீழே எல்டிஆர், அதன் கீழே தாழ்முனை. இரண்டாம் பாதையில் 1 கிலோ ஓம் மின்தடை ஆர்2, அதன் கீழே சிவப்பு எல்இடி, அதன் கீழே பிசி547இன் கலெக்டர். எமிட்டர் தாழ்முனைக்குச் செல்கிறது. ஆர்1உம் எல்டிஆரும் சந்திக்கும் புள்ளியிலிருந்து ஒரு கோடு பேஸுக்குச் செல்கிறது. இதைத் தாளில் வரைந்துவிட்டு மேலே படியுங்கள்.

பகலில் எல்டிஆரின் தடை சில ஆயிரம் ஓம் அளவுக்குக் குறைந்துவிடும். அது 4 கிலோ ஓம் என்று கொண்டால், சந்திப்புப் புள்ளியின் மின்னழுத்தம் 9ஐ 4ஆல் பெருக்கி 104ஆல் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 0.35 வோல்ட். டிரான்சிஸ்டர் கடத்துவதற்குப் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.6 முதல் 0.7 வோல்ட் வேண்டும்; ஆகவே எல்இடி எரியாது. இருட்டில் எல்டிஆரின் தடை பல லட்சம் ஓமாக உயர்ந்துவிட, ஆர்1 வழியாக வரும் சிறு மின்னோட்டம் பேஸுக்குள் சென்று டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. அப்போது எல்இடியில் ஏறத்தாழ 2 வோல்ட் போக, மீதி 7 வோல்ட் 1 கிலோ ஓமின் குறுக்கே விழுவதால் 7 மில்லி ஆம்பியர் ஓடும். ஆர்1க்குப் பதிலாக மாறுதடையை வைக்க விரும்பினால் அதோடு தொடராக 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் சேருங்கள். இல்லையென்றால் முழுவதும் திருகும்போது 9 வோல்ட்டும் நேராகப் பேஸைத் தாக்கும்.

கட்டும்போது திசை உள்ள பாகங்களை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்: பேட்டரி, எல்இடி, டிரான்சிஸ்டர், மூன்றே. பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப்பலகையான பிரட்போர்டில் ஒவ்வோர் இணைப்பைப் போட்டதும் படத்தில் அந்தக் கோட்டின் மேல் பென்சிலால் தீட்டுங்கள். தீட்டப்படாத கோடு ஒன்றுகூட இல்லாதபோதுதான் பேட்டரியை மாட்ட வேண்டும்.

இப்பயிற்சிகள் எல்லாம் மின்கலத்தோடு நிற்கட்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதன் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். சார்ஜர், தொலைக்காட்சி போன்றவற்றின் உள்ளேயுள்ள பெரிய மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்த அளவு மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். படம் வாசிக்கத் தெரிந்ததனால் மட்டும் அவற்றைத் திறக்கும் தகுதி வந்துவிடாது. வீட்டு மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரிடமே ஒப்படையுங்கள்.

சுற்று வேலை செய்யவில்லை என்றால் பாகங்களை உடனே கழற்றாதீர்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தாழ்முனையில் வைத்து, சிவப்பு முனையைப் படத்தில் உள்ள வரிசைப்படி நகர்த்துங்கள். சுவிட்சுக்குப் பிறகு 9 வோல்ட் இல்லையென்றால் பிழை பேட்டரியிலோ சுவிட்சிலோ இருக்கிறது. எல்டிஆரைக் கையால் மூடியபோது பேஸில் 0.65 வோல்ட் அளவுக்கு வந்து, கலெக்டரிலும் ஏறத்தாழச் சுழியம் காட்டி, எல்இடி மட்டும் எரியவில்லையென்றால், எல்இடி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது அந்தப் பாதையில் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். பேஸிலேயே 0.65க்கு மாறாக 2 அல்லது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பேஸ் கால் சந்திப்புப் புள்ளியில் இருந்தும் எமிட்டர் தாழ்முனையைத் தொடவில்லை என்று பொருள். டிரான்சிஸ்டரின் கால்வரிசையைத் தரவுத்தாளோடு மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.